தண்ணீருக்குள் சிவப்பு பச்சையாகுமா?

கேள்வி: சிவப்பு ஒளியின் அலைநீளம் 700 நானோமீற்றர், பச்சைக்கு 530 அளவில் என்று படித்தோம். தண்ணீருக்குள் அலைநீளம் குறையும் என்றும் படித்தோம். 700ஐ நீரின் முறிவுச்சுட்டியான (ஒளியின் வேகம் அதில் எத்தனை மடங்கு குறைகிறது என்ற எண்) 1.33ஆல் வகுத்தால் 526 வருகிறது. அப்படியென்றால் பாசிக்குடாவில் முங்கிப் பார்க்கும்போது சிவப்புச் சட்டை பச்சையாகத் தெரிய வேண்டுமே?
- உயர்தர மாணவர், களுவாஞ்சிகுடி

பதில்: கணக்கு சரி தம்பி. தண்ணீருக்குள் அந்தச் சிவப்பின் அலைநீளம் 526தான். இருந்தும் சட்டை சிவப்புத்தான். இந்த இரண்டு பாடத்தையும் எல்லாரும் பாடமாக்குகிறார்கள், ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பதில்லை. நீர் பார்த்திருக்கிறீர். அதனால் இந்த மாதம் முதலிடம் உமது கடிதத்துக்கு.

காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடும் ஒளி, தண்ணீரில் 2¼ இலட்சத்துக்கு இறங்கிவிடும். பாடசாலை பாண்ட் அணி தார் றோட்டிலிருந்து கல்லடிக் கடற்கரை மணலுக்கு இறங்கினால் பிள்ளைகள் எட்டு வைக்கும் தூரம் குறுகும், மேளத்தின் தாளம் குறையாது. அந்தத் தூரம்தான் அலைநீளம்; தாளம்தான் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அலை என்ற கணக்கு. அந்தச் சிவப்பின் மீடிறன் செக்கனுக்குச் சுமார் 430 இலட்சம் கோடி. காற்றிலும் அதுதான், நீரிலும் அதுதான். விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புக் கலங்களுக்கு வந்து சேரும் சக்தியைத் தீர்மானிப்பது இந்த மீடிறன்; அது மாறாததால் நிறமும் மாறாது. நிறத்துக்கு நேரே புத்தகத்தில் போட்டிருக்கும் அலைநீளமெல்லாம் வெற்றிடத்துக்குரியவை. அதை ஒரு வரியில் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நானும் நெடுநாளாகக் கேட்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. உமது கண்ணுக்குள்ளே நிறைந்திருப்பதும் பெரும்பாலும் தண்ணீர். அதன் முறிவுச்சுட்டி 1.34 அளவில். ஆகவே வாவிக்கரையில் நின்று செவ்வரத்தம்பூவைப் பார்த்தாலும் விழித்திரையில் விழுகிற அந்த 700 சிவப்பு, அங்கே 520 சொச்சம்தான்! கண் பிறந்த நாள் முதல் அதைத்தான் சிவப்பு என்று காட்டி வருகிறது.

ஆனால் ஆழத்தில் சட்டை நிறம் மாறத்தான் செய்யும், அதற்குக் காரணம் வேறு. கடல்நீர் சிவப்பை நன்றாக உறிஞ்சும், நீலத்தை அவ்வளவு உறிஞ்சாது. பாசிக்குடாவின் இடுப்பளவுத் தண்ணீரில் வித்தியாசம் தெரியாது. பத்து மீற்றரைத் தாண்டினால் சிவப்பு செத்துச் சாம்பல் நிறமாகும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மிஸ்’ நமது மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அந்த ஆழத்தில் துருவின் செந்நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டோர்ச் அடிக்க வேண்டும்.

கேள்வி: ரோஸ் நிறத்துக்கு அலைநீளம் எத்தனை?
- தறிக்காரர், மருதமுனை

பதில்: கிடையாது. வானவில்லில் அதற்கு இடமே இல்லை. சிவப்பும் வெள்ளையும் கலந்து கண்ணுக்குள் வரும்போது நமக்கு ரோஸ் தெரிகிறது. சிவப்புப் பாவில் (நெடுக்கு நூலில்) வெள்ளை ஊடு (குறுக்கு நூல்) ஓட்டி, துணியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்.