நியூரான்களின் கூட்டுவேலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒருவருடைய முகம் ஒரே ஒரு நியூரானில் (நரம்புச் செல்லில்) பதிந்திருக்குமா? (அங் மோ கியோ வாசகர்)

இருக்காது. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கறிவேப்பிலைக் கட்டு ஒன்றை முகர்ந்ததும், என்றோ மறைந்த பாட்டியின் முகமும் குரலும் அவருடைய அடுப்படியும் சேர்ந்தே மனத்தில் எழுகின்றன. மணத்தையும் குரலையும் உருவத்தையும் கையாளும் நியூரான்கள் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் உள்ளன. பாட்டியின் அடுப்படியில் நின்ற அன்று அவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் இயங்கியதால் அவற்றுக்கிடையேயான இணைப்புகள் வலுப்பட்டன, ஆகவே இன்று ஒன்று தூண்டப்பட்டதும் மற்றவையும் விழித்துக்கொள்கின்றன. கனடிய உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949இல் இக்கருத்தை முன்வைத்தார். 1973இல் பிளிஸ், லோமோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் முயலின் ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியில்) இணைப்புகள் இவ்வாறு வலுப்படுவதைக் காட்டினர். குறிப்பிட்ட ஒரு முகத்துக்கு மட்டும் துலங்கும் நியூரான்கள் பதிவாகியிருப்பது உண்மைதான் என்றாலும், அவையும் ஒரு பெருங்கூட்டத்தின் உறுப்புகளே.

நியூரான்கள் அதிகமானால் அறிவும் கூடுமா? (ஈசூன் வாசகர்)

எண்ணிக்கை மட்டும் போதாது. மனித மூளையிலுள்ள சுமார் 86 பில்லியன் நியூரான்களில் ஏறத்தாழ 69 பில்லியன், உடல் அசைவுகளைச் சீராக்கும் சிறுமூளையில்தான் இருக்கின்றன. சிந்தனைக்கு இன்றியமையாத பெருமூளைப் புறணியில் (பெருமூளையின் வெளியடுக்கில்) இருப்பவை ஏறத்தாழ 16 பில்லியன்.

முதுமை மறதியால் என் அம்மா காலையில் சாப்பிட்டதையே மறந்துவிடுகிறார். ஆனால் மல்லிகைச் சரம் மட்டும் பிசகாமல் தொடுக்கிறார். எப்படி? (தெம்பனிஸ் வாசகி)

நினைவு என்பது ஒரே வகைப்பட்டதன்று. முதுமை மறதிக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் பாதிக்கும் ஹிப்போகாம்பஸும் அதையொட்டிய பகுதியும் அன்றாட நிகழ்வுகளைப் பதியவைப்பவை. இரண்டிரண்டு பூவாக எதிரெதிரே வைத்து, நாரை விரலில் சுழற்றி முடிச்சிடும் கைப்பழக்கமோ, சிறுமூளையும் மூளையின் அடியாழத்திலுள்ள வேறு சில பகுதிகளும் சேர்ந்த தனிச் சுற்றைச் சார்ந்தது. அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த 1953இல் இருபக்க ஹிப்போகாம்பஸிலும் கணிசமான பகுதியை அகற்றினார்கள். பிறகு, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேர்ந்தது; ஆனால் முந்தைய நாள் அதைச் செய்தது அவருக்கு நினைவிருக்கவில்லை.

ஆகவே அம்மாவின் கையில் பூவையும் நாரையும் கொடுத்துக்கொண்டே இருங்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சோதிப்பதைவிட, அது அவருக்கு நிம்மதி தரும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லா இணைப்புகளையும் வரைந்துவிட்டால் எண்ணம் பிறக்கும் விதம் புரிந்துவிடுமா? (ஜூரோங் வாசகர்)

வரைபடம் அவசியம், ஆனால் அது தொடக்கமே. 302 நியூரான்களே கொண்ட சி. எலிகன்ஸ் என்ற புழுவின் இணைப்புப் படம் 1986இலேயே வெளிவந்தும், அதன் நடத்தை முழுவதையும் அதைக் கொண்டு கணிக்க முடியவில்லை. எம்ஆர்டி ரயில் வரைபடத்தில் நிலையங்களும் தடங்களும் தெரியும். காலை எட்டு மணிக்கு எந்தத் தடத்தில் எவ்வளவு கூட்டம் என்பது தெரியாது. அதுபோலவே டோபமைன், செரோட்டோனின் போன்ற வேதிப்பொருள்கள், இணைப்புகள் மாறாதபோதும் ஒரே சுற்றை வேளைக்கு ஒரு விதமாக இயங்கவைக்கின்றன.