சாக்லேட் பை: ஓடு மொறுமொறுக்க, பூரணம் கெட்டியாக

என் சமையல் வகுப்பில் சாக்லேட் பை (pie, மொறுமொறுப்பான மாவு ஓட்டுக்குள் சாக்லேட் பூரணம் நிரப்பிய இனிப்பு) செய்து காட்டிய நாளிலிருந்து போனிலும் நேரிலும் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பெரும்பாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளிலிருந்து வந்தவை. நம் ஊர் வெயில், நம் கடைச் சாமான், நம் கைப்பழக்கம் மூன்றும் சேர்ந்து கொடுக்கும் சிக்கல்கள் இவை. வெளியூர்ச் செய்முறைகளில் இவற்றுக்கு விடை கிடைக்காது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அளவை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 9 அங்குலத் தட்டு ஒன்றின் ஓட்டுக்கு மைதா 180 கிராம், வெண்ணெய் 120 கிராம், ஐஸ் தண்ணீர் 50 மில்லி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. பூரணத்துக்குப் பால் அரை லிட்டர், சர்க்கரை 100 கிராம், கோகோ பவுடர் 20 கிராம், கார்ன்ஃப்ளவர் 30 கிராம், முட்டை மஞ்சள் கரு 3, டார்க் சாக்லேட் 120 கிராம், வெண்ணெய் 25 கிராம். இரண்டுக்கும் ஒரு சிட்டிகை உப்பு. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் அந்தச் சிட்டிகை வேண்டாம்.

அக்கா, மாவு பிசையும்போதே வெண்ணெய் உருகிக் கையெல்லாம் ஒட்டுகிறது. சுட்டு எடுத்தால் ஓடு பலகை மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்? (தருமபுரி)

இரண்டு இடத்தில். ஒன்று சூடு, இன்னொன்று பிசைவது.

வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடும். சித்திரையில் நம் சமையலறை காலை பத்து மணிக்கே அந்தச் சூட்டுக்கு வந்துவிடுகிறது. பை ஓட்டில் வெண்ணெய் சின்னச் சின்னத் துண்டாகவே மாவுக்குள் இருக்க வேண்டும். அடுப்பின் சூடு பட்டதும் அந்தத் துண்டுகளில் உள்ள ஈரம் ஆவியாகி மாவைப் படலம் படலமாகத் தூக்கும். கடிக்கும்போது உதிர்வது அதனால்தான். வெண்ணெய் முன்பே உருகிவிட்டால் மாவு அதைக் குடித்துவிடும். தூக்குவதற்கு அப்புறம் ஒன்றும் மிஞ்சாது.

பிசைவதைப் பற்றி. சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் பழகிய கை, மாவைக் கண்டால் அழுத்திப் பிசையத்தான் செய்யும். பிசையப் பிசைய மைதாவில் இழுவை கூடும். பரோட்டாவுக்கு அது வேண்டும். பைக்கு அது எதிரி. ஓடு பலகையாவதும், அடுப்பில் சுருங்கி ஓரம் இறங்குவதும் அந்த இழுவையால்.

இப்படிச் செய்யுங்கள். மைதாவைப் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெண்ணெயைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி ஃப்ரீசரில் கால் மணி நேரம். பிறகு உள்ளங்கை படாமல், விரல் நுனியால் மட்டும் ஒவ்வொரு துண்டையும் நசுக்கி மாவில் புரட்டி விடுங்கள். மாவு ரவை மாதிரி உதிரும். நடுநடுவே பட்டாணி அளவில் வெண்ணெய் கண்ணில் படும்போதே நிறுத்திவிட வேண்டும். ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, பிடிகொழுக்கட்டை பிடிப்பது போல ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். உடையாமல் நின்றால் போதும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். தட்டையாகத் தட்டி, மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். தேய்த்துத் தட்டில் பரப்பிய பிறகு ஃப்ரீசரில் இன்னொரு இருபது நிமிடம்.

என் தங்கை வீட்டு விசேஷத்துக்காக ஒரு மே மாத மதியம் இரண்டு மணிக்கு மாவு கலந்தேன். மூன்று தட்டிலும் ஓரம் சரிந்து அடியில் உட்கார்ந்துவிட்டது. அத்தனை வெண்ணெயும் வீண். அதிலிருந்து கோடையில் விடியற்காலை ஐந்தரைக்கு மேல் நான் இந்த மாவைத் தொடுவதில்லை.

ஓட்டை வெறுமனே சுடும்போது உப்பாமல் இருக்க மேலே பாரம் வைக்கச் சொன்னீர்கள். அதற்கென்று விற்கும் குண்டுகளை வாங்க வேண்டுமா? (பென்னாகரம்)

வேண்டாம். வீட்டில் கொள்ளு இருக்குமே, அதுவே போதும். மாவின் மேல் பட்டர் பேப்பர் போட்டு, ஓரம் வரை கொள்ளை நிரப்பி ஓவனில் 190 டிகிரியில் 20 நிமிடம். பேப்பரோடு தூக்கிவிட்டு, அடி பொன்னிறமாகும் வரை இன்னும் 12 முதல் 15 நிமிடம். ஆறிய கொள்ளைத் தனி டப்பாவில் போட்டு, மேலே எழுதி வையுங்கள். அடுத்த தடவைக்கும் அதே கொள்ளு ஆகும். ஆனால் ரசத்துக்கு ஆகாது, வேகாது.

பூரணம் கெட்டியானது. ஆனால் வாயில் வைத்தால் மாவு வாசம், நாக்கில் நறநறப்பு. சோள மாவு மில்லில் புதிதாக அரைத்ததுதான். (அரூர்)

அந்த மில் மாவுதான் காரணம். இந்தக் குழப்பம் நம் மொழியில் இருந்தே வருகிறது. நம் ஊரில் சோளம் என்றால் களிக்கும் தோசைக்கும் போடும் வெள்ளைச் சோளம். கார்ன்ஃப்ளவர் என்பது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் ஸ்டார்ச். தொட்டால் முகப் பவுடர் மாதிரி வழுக்கும், விரலால் அழுத்தினால் கறுக் என்று ஒரு சத்தம் வரும். மக்காச்சோளத்தையே மில்லில் அரைத்தாலும் அது ஆகாது. அதில் தோலும் புரதமும் சேர்ந்திருக்கும். செய்முறைகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் "சோள மாவு" என்று போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து மளிகைக் கடையில் கார்ன்ஃப்ளவர் என்றே கேட்டு வாங்குங்கள்.

ராத்திரி ஃப்ரிட்ஜில் வைக்கும்போது நன்றாக இறுகியிருந்தது. காலையில் வெட்டினால் கூழாக ஓடுகிறது, அடியில் தண்ணீர். இரண்டு தடவை இப்படி ஆகிவிட்டது மேடம். (ஊத்தங்கரை)

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தார்கள். நீங்கள் பூரணத்தைப் போதுமான அளவு கொதிக்க விடவில்லை என்று நினைக்கிறேன். முட்டை சேர்த்ததும் திரிந்துவிடுமோ என்ற பயத்தில் பலரும் உடனே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள்.

மஞ்சள் கருவில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. ஸ்டார்ச்சை உடைப்பதுதான் அதன் வேலை. நம் எச்சிலிலும் அதே வகை நொதி உண்டு. எச்சில் கரண்டி போட்ட கஞ்சி நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அது போலத்தான் இதுவும். கொதிக்க வைத்து அந்த நொதியை முடக்காவிட்டால், ராத்திரி முழுவதும் ஃப்ரிட்ஜுக்குள் அது கார்ன்ஃப்ளவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே இருக்கும். காலையில் கூழ்தான்.

திரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். வெறும் பாலும் முட்டையும் என்றால் கொதித்ததும் திரியும். கார்ன்ஃப்ளவர் சேர்ந்திருக்கும்போது அது முட்டையைக் காப்பாற்றும். சர்க்கரை, கோகோ, கார்ன்ஃப்ளவர், உப்பு எல்லாவற்றையும் முதலில் உலர்வாகவே கலந்து, ஆறிய பாலைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். அடுப்பில் வைத்து, கைவிடாமல் கிண்டிக் கொதி வந்ததும், ஒரு கரண்டி சூட்டுக் கலவையை மஞ்சள் கருவில் ஊற்றி அடித்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு கரண்டி ஊற்றி அடித்த பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். இனிமேல்தான் முக்கியமான நேரம். நடுவில் பெரிய குமிழ் எழுந்து "பொளக்" என்று உடையும், களி கிண்டும்போது வருமே, அதே சத்தம். ஓரத்தில் வரும் சின்னக் குமிழைக் கணக்கில் எடுக்காதீர்கள். முதல் "பொளக்" கேட்டதிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம், தீயைக் குறைத்துக் கிண்டுங்கள். இறக்கி, பொடித்த சாக்லேட்டும் வெண்ணெயும் சேர்த்துக் கரைத்து வடிகட்டுங்கள்.

சூட்டோடு தட்டு போட்டு மூடினாலும் தண்ணீர் கோக்கும். ஆவி தட்டில் பட்டுச் சொட்டும். எண்ணெய் தடவிய பேப்பரைப் பூரணத்தின் மேலேயே படும்படி ஒட்டி வைத்தால் ஆடையும் கட்டாது, சொட்டும் விழாது. இறுகிய பிறகு மறுபடி கிளறக் கூடாது.

ஓட்டின் அடி மட்டும் நமுத்துவிடுகிறது. (தருமபுரி)

சுட்ட ஓடு ஆறியதும் உட்புறம் முழுவதும் உருக்கிய சாக்லேட்டை மெல்லிசாகப் பூசி இறுக விடுங்கள். ஈரம் இறங்காது. பூரணத்தையும் வெதுவெதுப்பாக ஆன பிறகே ஊற்றுங்கள்.

ஓவன் இல்லை அக்கா. ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்திருக்கிறேன், வீட்டில் கேஸ் அடுப்பு மட்டும்தான். குக்கரில் செய்யலாமா? (பாலக்கோடு)

செய்யலாம் கண்ணு, ஆனால் நான் சொல்ல மாட்டேன். கேக் குக்கரில் வரும். பை ஓட்டுக்கு மேலிருந்தும் சூடு வேண்டும். குக்கரில் அடி கருகும், ஓரம் வெளுத்தே இருக்கும். தண்ணீர் ஊற்றாத குக்கரை முக்கால் மணி நேரம் தீயில் வைத்தால் பாத்திரமும் வீணாகும், அம்மாவிடம் யார் பதில் சொல்வது?

பிஸ்கட் ஓடு செய். மேரி பிஸ்கட் 200 கிராமை மிக்சியில் பொடித்து, உருக்கிய வெண்ணெய் 100 கிராம் கலந்து, டம்ளர் அடியால் தட்டில் அழுத்திப் பரப்பு. ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் இருந்தால் இறுகிவிடும். பிஸ்கட்டில் 50 கிராமைக் குறைத்து, அதற்குப் பதில் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேர்த்துப் பார். சாக்லேட்டும் கடலையும் அவ்வளவு பொருத்தம். பூரணத்துக்கு அடுப்பே போதும்.

டார்க் காம்பவுண்ட், அசல் சாக்லேட், விலையில் இவ்வளவு வித்தியாசம் ஏன்? எதை வாங்குவது? (ஓசூர்)

அசல் சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு கோகோ வெண்ணெய். அது ஏறக்குறைய 34 டிகிரியில், அதாவது நாக்கின் சூட்டிலேயே உருகும். காம்பவுண்டில் அதை எடுத்துவிட்டுப் பனைவித்து எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பைப் போடுகிறார்கள். விலை குறையும், வெயிலையும் கொஞ்சம் தாங்கும். ஆனால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். பாக்கெட்டின் பின்னால் சேர்மானப் பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடும்.

பைக்கு அசலைத்தான் சொல்வேன், 120 கிராம்தானே. கட்டுப்படியாகாவிட்டால் காம்பவுண்டை 80 கிராமாகக் குறைத்து, கோகோவை 30 கிராமாக்கி, சர்க்கரையில் 20 கிராமைக் குறையுங்கள். இரண்டு தேக்கரண்டி காப்பி டிகாஷனும் ஊற்றுங்கள். காப்பி ருசி தெரியாது, சாக்லேட் ருசி ஆழமாகும்.

வீட்டில் பாட்டி முட்டை சாப்பிட மாட்டார். (கிருஷ்ணகிரி)

பூரணத்தில் மஞ்சள் கருவை விட்டுவிட்டு, கார்ன்ஃப்ளவரை 45 கிராமாக்குங்கள், வெண்ணெயை 40 ஆக்குங்கள். மற்றதெல்லாம் அதே.

மைதா வேண்டாம் என்று பார்க்கிறோம். ராகி மாவில் ஓடு வருமா? (தேன்கனிக்கோட்டை)

உங்கள் பக்கத்து ராகியில் செய்து பார்த்திருக்கிறேன், எனக்கு மைதா ஓட்டைவிட இதுதான் பிடிக்கும். ராகியின் மண்வாசமும் சாக்லேட்டின் கசப்பும் ஒன்றுக்கொன்று பிறந்தவை போலச் சேரும். ஆனால் ராகியில் இழுவை கிடையாது. முழுக்க ராகி போட்டால் தட்டிலிருந்து எடுக்கும்போதே பொடியாகிவிடும். 180 கிராமில் 60 கிராம் ராகி, மீதி மைதா அல்லது சலித்த கோதுமை மாவு. ராகியை வாசம் வரும் வரை லேசாக வறுத்து, முழுவதும் ஆற விட்டுச் சேர்க்க வேண்டும்.

தேய்க்கும்போது விரிசல் விடும். இரண்டு பாலிதீன் தாளுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள், விரிசல் விட்ட இடத்தில் ஒரு துணுக்கு மாவை வைத்து விரலால் அழுத்தினால் போதும். இன்னொரு விஷயம், வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, மாவே கறுப்பு. அடியை விரலால் தொட்டால் காய்ந்து, தட்டினால் கெட்டியாகக் கேட்க வேண்டும். ராகி அடை வாசம் சமையலறையை நிறைக்கும்போது இறக்கிவிடலாம்.

மாம்பழ சீசன். பூரணத்திலேயே மாம்பழக் கூழைக் கலந்துவிடலாமா? (காவேரிப்பட்டணம்)

கலக்காதீர்கள். பழத்தின் புளிப்பு பாலைத் திரிக்கும், கார்ன்ஃப்ளவரின் பிடிப்பையும் தளர்த்தும். தனி அடுக்காக வையுங்கள். பெங்களூரா பழக் கூழ் ஒரு கப்பை அடிகனமான சட்டியில், சர்க்கரை சேர்க்காமல், பாதியாகச் சுண்டும் வரை கிண்டுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் அது மூடாமல் நிற்க வேண்டும். ஆற வைத்து ஓட்டின் அடியில் பரப்பி, மேலே சாக்லேட். அல்போன்சா வேண்டாம் என்பது என் கருத்து. அதன் வாசம் சாக்லேட்டோடு சண்டை போடும், அந்தப் பழத்தை அப்படியே சாப்பிடுவதுதான் நியாயம். பெங்களூராவின் புளிப்புதான் இங்கே வேலை செய்யும்.

மகன் பெங்களூரில் இருக்கிறான், பிறந்தநாளுக்கு பஸ்ஸில் எடுத்துப் போகலாமா? (கிருஷ்ணகிரி)

பால் பூரணப் பையை வேண்டாம். வீட்டிலிருந்து கிளம்பி அவன் அறை போய்ச் சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகிவிடும். பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜிலேயே வைத்தாலும் மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

சுட்ட ஓட்டை மட்டும், உள்ளே சாக்லேட் பூசி, தட்டோடு துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். காலையில் சுட்டது சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். 200 கிராம் டார்க் சாக்லேட்டையும் ஒரு சின்னப் பாக்கெட் ஃப்ரெஷ் கிரீமையும் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவன் அறையில் ஒரு அடுப்பும் ஒரு பாத்திரமும் இருந்தால் போதும். கிரீம் 130 மில்லியை ஓரம் நுரைக்கும் வரை சுட வைத்து, நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து கலக்குங்கள். பளபளவென்று வந்ததும் ஓட்டில் ஊற்றிவிடலாம். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரத்தில் இறுகும். ஊற்றும்போது சாக்லேட் திரிந்து மணல் மாதிரி ஆகிவிட்டால் பதற வேண்டாம், சூடான பால் இரண்டு கரண்டி விட்டு அடித்தால் சேர்ந்துகொள்ளும். வெட்டும் கத்தியைச் சுடுதண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.