மெஷ் வைஃபைக்கு மாறியதும் கேமரா மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கேள்வி: பழைய ரௌட்டரை எடுத்துவிட்டு மெஷ் வைஃபை போட்டதிலிருந்து வாசல் கேமரா அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது. அதே இடத்தில் மொபைலில் நெட் நன்றாகவே வருகிறது. கேமராவை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மொபைலில் நெட் வருவதை வைத்து கேமராவை எடைபோட முடியாது. வீட்டு கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும், மெஷ்ஷோ (வீட்டில் ஆங்காங்கே வைத்த பல வைஃபை பெட்டிகள், அதாவது நோடுகள், ஒரே நெட்டாக இயங்கும் அமைப்பு) 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டி, கருவிகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு நோடிலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடப் பார்க்கும். மொபைல் சட்டென மாறிக்கொள்ளும், கேமராவின் இணைப்பு அறுந்துபோகும்.

மெஷ் ஆப்பில் கேமரா எந்த நோடில் இணைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் ஒன்று இருக்க, தூரத்து நோடைப் பிடித்துக்கொண்டிருப்பது ரொம்ப சகஜம். கேமராவை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்புறம், அந்த ஆப்பில் வசதி இருந்தால் அருகிலுள்ள நோடிலேயே நிலைநிறுத்தி, கேமராவுக்கு மட்டும் ஃபாஸ்ட் ரோமிங்கை (நோடு விட்டு நோடு சட்டென மாறும் வசதி) நிறுத்துங்கள், அது நகரப் போவதில்லையே. வைஃபையின் பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய டபிள்யூபிஏ2-வும் சேர்ந்ததாக மாற்றுங்கள், பல கேமராக்களுக்குப் புதியது புரியாது.

இரவில் மட்டும் அறுந்தால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள்: இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கூடுதல் மின்சாரம் வேண்டும், நீளமான மெல்லிய யூஎஸ்பி கேபிளில் வோல்டேஜ் குறைந்துவிடும். எனக்குக் கேட்டால், வாசல் கேமராவுக்கு ஈத்தர்நெட் கேபிள் இழுக்க வழியிருந்தால் அதையே செய்யுங்கள்.