கச்சேரி தெளிவு, வகுப்பு மட்டும் கிணற்றுக்குள்!

கேள்வி: ஜூமில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். லேப்டாப்போடு ப்ளூடூத் ஹெட்செட்டை இணைத்துக் கச்சேரி கேட்டால் அருமையாக இருக்கிறது. வகுப்பு தொடங்கியதும் பிள்ளைகள் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடுகிறது. என் குரலும் அவர்களுக்கு அப்படித்தானாம். ஹார்ட் டிஸ்கில் பதிவு செய்யும் நாட்களில் சத்தம் விட்டு விட்டு வருகிறது. ஹெட்செட்டைக் கடையில் மாற்றியும் பார்த்தேன், அதே கதை. வேறு கம்பெனி வாங்கட்டுமா?

- ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: வேண்டாம் அம்மா, காசைச் செலவழிக்காதீர்கள். மாற்றி வந்ததும் அப்படியே என்றால் கோளாறு ஹெட்செட்டில் இல்லை.

கச்சேரி ஒரு வழிப் பயணம், கணினியிலிருந்து உங்கள் காதுக்கு. ஜூம் ஹெட்செட்டின் மைக்கைத் திறந்ததும் குரல் திரும்பியும் போக வேண்டும். உடனே விண்டோஸ் ஸ்டீரியோவை விட்டு, போன் பேச்சுக்கான 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' முறைக்கு இறங்கிவிடும். சி.டி.யில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறார்கள். இந்த முறையில் 8,000, கொஞ்சம் புதிய ஹெட்செட்டில் 16,000. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். எங்கள் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சிலும் இதே 8,000தான்; 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலான கூர்மையான உயர் ஒலிகள் ஏறக்குறைய எதுவும் போகாது. சௌக்கியமா என்று விசாரிக்க அது தாராளம். சாகித்யத்தில் சகரமும் ஷகரமும் பிரிந்து விழுகின்றனவா என்று காதைத் தீட்டிக் கேட்கும் குருவுக்குப் போதவே போதாது.

ஜூமின் ஆடியோ அமைப்புக்குப் போங்கள். ஸ்பீக்கர் ஹெட்செட்டாகவே இருக்கட்டும். மைக்குக்கு மட்டும் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10 என்றால் ஸ்பீக்கர் பட்டியலில் ஹெட்செட் இரண்டு பெயரில் நிற்கும்; 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதைத் தொடாதீர்கள்.

அங்கேயே 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை அவசியம் போடுங்கள். இல்லாவிட்டால் விடாமல் ஒலிக்கும் தம்புராவை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி ஜூம் அமுக்கிவிடும். சுருதியே கேட்காமல் பிள்ளை எப்படிப் பாடும்?

சத்தம் விட்டுவிட்டு வருவதற்கு அநேகமாக அந்த ஹார்ட் டிஸ்க்தான் காரணம். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், டிஸ்கைச் செருகும் யு.எஸ்.பி. 3 இணைப்பின் மின் இரைச்சலும் அங்கேயே விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை எழுதி வைத்திருக்கிறது. டிஸ்கை ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் ஒயரில் தள்ளி வையுங்கள். வைஃபையும் அதே 2.4-ல் ஓடினால், அதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. அப்படியும் விட்டுவிட்டு வந்தால், டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு வகுப்பு நடத்திப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.