ஃபிளை மீன்பிடிப்பில், எதிர்காற்றில் லைன் காலடியில் சுருண்டு விழுவது குறித்து

விசையைக் கூட்டாதீர்கள். பின்வீச்சை உயரமாகவும் முன்வீச்சைத் தாழ்வாகவும் அமைத்து, லைன் (தூண்டில் கயிறு) நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயே விரியுமாறு வீசினால், கொள்ளிடத்து மணல் திட்டில் மேற்கு நோக்கி வீசும்போது ஃபிளை (பூச்சி போன்ற செயற்கை இரை) காலடியிலேயே விழுகிறது என்று நீங்கள் எழுதிய சிக்கல் பெருமளவு தீரும்.

காற்றை வெல்ல மணிக்கட்டை அதிகம் மடக்குவதே காரணமாக இருக்கலாம். அப்போது கோலின் நுனி நேர்கோட்டில் செல்லாமல் வில்லாக வளைந்து செல்வதால், லூப் (லைன் காற்றில் விரியும்போது உண்டாகும் வளைவு) அகன்று பாய்மரம் போலக் காற்றைப் பிடித்துக்கொள்கிறது.

சோதித்துப் பார்க்க, ஃபிளைக்குப் பதிலாகக் கம்பளி நூல் துண்டைக் கட்டி, பக்கவாட்டிலிருந்து ஒருவரைக் கைபேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். லூப்பின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் இடைவெளி இரண்டு முழத்தைத் தாண்டினால் பிழை கையில்தான். தாண்டாவிட்டால், உங்கள் 12 அடி லீடரை (லைனையும் ஃபிளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பை) 7 அடியாகக் குறைத்துப் பாருங்கள்.

அம்மியையும் நகர்த்தும் ஆடிக் காற்று இதற்கு நல்ல வாத்தியார். நீங்கள் ஜனவரியில் செல்லவிருக்கும் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியெரா டெல் ஃபூகோவின் ரியோ கிராண்டே ஆற்றிலும் பெரும்பாலும் மேற்குக் காற்றுதான். கடலுக்குச் சென்று திரும்பும் அந்தப் பழுப்பு ட்ரவுட்டுகள், 1935இல் அங்கே விடப்பட்ட மீன்களின் வழித்தோன்றல்கள்.

வீசும் கையின் பக்கமிருந்து காற்றடித்தால் மட்டும் இம்முறை உதவாது. கொக்கி காதையோ கழுத்தையோ தைத்துவிடும் என்பதால், ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பின்வீச்சிலேயே ஃபிளையை நீரில் இறக்குங்கள். கண்ணாடி அணியாமல் வீசவே வேண்டாம்.