அது உங்களுக்கு எதற்கு? – இலவச சாஃப்ட்வேர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘கம்ப்யூட்டர் ஸ்லோ’ புகார்தான். எல்லாருக்குமான பதில் தென்காசிக்காரருக்குச் சொன்னதில் இருக்கிறது. தனித்தனியாக எழுத எனக்குக் கை வலிக்கிறது.

விண்டோஸுக்கு எந்த இலவச ஆன்டிவைரஸ் நல்லது? இப்போது இரண்டு போட்டிருக்கிறேன். (அம்பாசமுத்திரம்)

இரண்டையும் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருகிறது, வீட்டுக்கு அது போதும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால், ஒன்று திறக்கிற ஃபைலை இன்னொன்று சோதிக்கும். அதைப் பார்த்து முதலாவது மறுபடி சோதிக்கும். நீங்கள் காப்பி குடித்துவிட்டு வந்தாலும் வேர்டு திறந்திருக்காது.

ஃபைல் சுருக்குகிற வின்ராரின் 40 நாள் ட்ரையல் முடிந்து நாலு வருஷம் ஆகிறது. இன்னும் திறக்கிறது. தப்பா? (கல்லிடைக்குறிச்சி)

வின்ரார் இலவசம் இல்லை. 40 நாளுக்குப் பிறகும் திறப்பது அவர்கள் பெருந்தன்மை. அதே வேலைக்கு 7-ஜிப் போடுங்கள். இகோர் பாவ்லோவ் என்ற ரஷ்யர் 1999 முதல் கொடுத்துவருகிறார், ஒன்றரை எம்பி இருக்கும். ரார் ஃபைலைத் திறக்கும், ரார் ஆகச் சுருக்காது. அது நமக்கு வேண்டியதும் இல்லை. அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். பெயருக்குப் பின்னால் டாட் ஆர்க் வரும், டாட் காம் அல்ல.

டவுன்லோடு செய்த சாஃப்ட்வேர் வேலை செய்யவில்லை. உடனே பதில் தேவை. (ஊர் எழுதவில்லை)

எந்த சாஃப்ட்வேர், எந்த விண்டோஸ், என்ன எரர்? மூன்றில் ஒன்றையாவது எழுதியிருந்தால் நானும் உடனே சொல்லியிருப்பேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன் பாமினியில் டைப் செய்த கோயில் மலர், புதுக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

கெடவில்லை ஐயா. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய ஃபான்ட். அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் ஃபைலில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. புதுக் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லாததால் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது. பாமினி ஃபான்ட்டைப் போட்டால் பழையபடி படிக்கலாம். ஆனால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வதே நல்லது, அதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் உண்டு. மாற்றுவதற்கு முன் மூல ஃபைலை ஒரு பென் டிரைவில் தனியாக எடுத்து வையுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்க்கவும் வேண்டும். கிரந்த எழுத்தும் துணைக்கால்களும் சில இடத்தில் இடறும்.

இனி அடிப்பதற்கு விண்டோஸிலேயே தமிழ் 99, ஃபொனெடிக் இரண்டு கீபோர்டும் இருக்கின்றன. பாமினியிலேயே விரல் பழகிவிட்டது என்றால் என்எச்எம் ரைட்டரில் அதே விசைகளை அடித்து யூனிகோடில் பெறலாம்.

ஆன் ஆக ஐந்து நிமிஷம் ஆகிறது. வேகத்துக்காக ஒரு கிளீனர் போட்டேன், இப்போது மூன்று இருக்கிறது. ஒன்று ‘1,300 எரர்’ என்று காட்டிச் சரிசெய்யப் பணம் கேட்கிறது. கட்டலாமா? (தென்காசி)

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை இது. எத்தனை தடவை எழுதினாலும் மாதம் பத்துப் பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள்.

அந்த 1,300-ம் எரரே இல்லை. நீங்கள் என்றைக்கோ நீக்கிய புரோகிராம்கள், விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் விட்டுப்போன வரிகள். ரிஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கில் பதிவுகள் இருக்கின்றன. அதில் ஆயிரத்துச் சொச்சம் போனால் மிச்சமாவது சில நூறு கேபி. வேகம் கொஞ்சமும் கூடப்போவதில்லை. தப்பான வரி ஒன்று போனால் பிரிண்டர் நின்றுபோகும், சமயத்தில் விண்டோஸே எழுந்திருக்காது. ரிஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது.

‘பேர் பெற்ற கிளீனர்தானே’ என்பார்கள். 2017-ல் சிகிளீனர் என்ற பேர் பெற்ற கிளீனரின் 5.33 பதிப்புக்குள் திருடர்கள் மால்வேரை (கெடுதல் செய்யும் புரோகிராமை) நுழைத்துவிட்டார்கள். அந்த ஃபைல் வந்தது அதன் சொந்தத் தளத்தில் இருந்துதான். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சொந்தத் தளத்தில் இருந்து இறக்குங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது முதல் படி மட்டும். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அது உங்களுக்கு எதற்கு?

ஒன்று போட்டது மூன்றானது எப்படி? நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டியிருப்பீர்கள். இன்ஸ்டால் விண்டோவை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். ‘ரெக்கமண்டெட்’ கறுப்பு எழுத்தில் தெளிவாக இருக்கும். ‘கஸ்டம்’ மட்டும் சாம்பல் நிறத்தில், அமுக்கவே முடியாததுபோல மங்கிக் கிடக்கும். அமுக்கலாம். அமுக்கினால் உள்ளே யாரோ ஏற்கெனவே டிக் போட்டு வைத்த பெட்டிகள் வரிசையாக வரும்: ஒரு டூல்பார், ஒரு பிரவுசர், இன்னொரு கிளீனர். எல்லா டிக்கையும் எடுத்த பிறகுதான் நெக்ஸ்ட். இதற்கு முந்தின பொறி டவுன்லோடு பக்கத்திலேயே இருக்கும். பெரிய பச்சைப் பட்டன் மூன்று இருந்தால் இரண்டு விளம்பரம். ஜிம்ப் என்ற இலவசப் பட எடிட்டரின் குழுவினர் 2013-ல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற டவுன்லோடு தளத்தை விட்டு விலகியதற்கு இந்தப் போலிப் பட்டன்களும் ஒரு காரணம்.

இனி வேலைக்கு வருவோம். மூன்று கிளீனரையும் அன்-இன்ஸ்டால் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்-அப் பகுதிக்குப் போய், ஆன் ஆனவுடன் ஓடத் தேவையில்லாததை எல்லாம் டிஸேபிள் செய்யுங்கள். இடம் போதவில்லை என்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியே குப்பையை அள்ளிவிடும். எந்த ஃபோல்டர் இடத்தைத் தின்கிறது என்று பார்க்க விண்டிர்ஸ்டாட் போதும். பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை ஓட்டுங்கள். மஞ்சளில் ‘காஷன்’ காட்டினால் மற்றதெல்லாம் அப்புறம், அன்றைக்கே பேக்கப்.

ஐந்து நிமிஷம் என்றால் பெரும்பாலும் உள்ளே சுற்றுவது பழைய ஹார்டு டிஸ்க். சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு எஸ்எஸ்டி (சுற்றாத, வேகமான டிஸ்க்) வாங்கி மாட்டினால் அரை நிமிஷத்தில் எழும். எந்தக் கிளீனராலும் அது ஆகாது. மாட்டிய பிறகு அதற்கு, சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் சாஃப்ட்வேர் தேடாதீர்கள், எஸ்எஸ்டியைப் பராமரிக்க விண்டோஸுக்கே தெரியும். சாரல் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் உங்களுடையது. யுபிஎஸ் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

அண்ணாச்சி, அக்கா கல்யாண போட்டோ இருந்த பென் டிரைவைத் தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டேன். பிறகு இரண்டு சினிமாப் படமும் ஏற்றிவிட்டேன். மீட்க இலவச சாஃப்ட்வேர் உண்டா? (வள்ளியூர்)

உண்டு தம்பி, ஆனால் அந்த இரண்டு படத்தை ஏன் ஏற்றினீர்கள்? அழிந்த ஃபைல் அதே இடத்தில்தான் கிடக்கும். மேலே வேறொன்று எழுதும்வரை மீட்கலாம். படம் ஏறிய இடத்தில் இருந்தவை போனது போனதுதான். மிச்சத்துக்கு ஃபோட்டோரெக் அல்லது ரெகுவா. மீட்டதை அதே பென் டிரைவில் சேமிக்காதீர்கள், கம்ப்யூட்டரில் சேமியுங்கள். ஃபோட்டோரெக்கில் பழைய ஃபைல் பெயர் வராது, எல்லாம் எண்ணாக வரும். உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் அழித்தவர்கள் இந்த அளவுக்கு நம்பிக்கை வைக்க வேண்டாம், அழித்த இடத்தை அது சீக்கிரமே சுத்தமாகத் துடைத்துவிடும்.

பேக்கப் என்றால் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். பென் டிரைவில் மட்டும் இருப்பது பேக்கப் இல்லை.

ஆதார், மார்க் ஷீட் பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்க நல்ல வெப்சைட் சொல்லவும். (மேலப்பாளையம்)

சொல்ல மாட்டேன். ஆதாரை முகம் தெரியாத சர்வரில் ஏற்றுவானேன்? பிடிஎஃப்சாம் பேசிக் போட்டால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே சேரும், நெட்டே வேண்டாம். இன்ஸ்டால் செய்யும்போது டிக் பெட்டிகளைப் பார்க்கவும்.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இலவச சாஃப்ட்வேர் எதையும் கடையில் போடலாம்தானே? (சேரன்மகாதேவி)

எதையும் போட முடியாது. 7-ஜிப், வீடியோ ஓட்டும் விஎல்சி, வேர்டு-எக்ஸெல் வேலை செய்யும் லிப்ரே ஆஃபீஸ் மூன்றும் கடைக்கும் இலவசம். போட்டோ பார்க்கும் இர்ஃபான்வியூ வீட்டுக்குத்தான் இலவசம், கடைக்குக் காசு. தூரத்துக் கம்ப்யூட்டரை இங்கிருந்து இயக்கும் எனிடெஸ்க்கின் இலவசப் பதிப்பும் சொந்த உபயோகத்துக்கு மட்டும். லைசென்ஸில் ‘பர்சனல் யூஸ்’ என்று இருந்தால் உங்கள் கடை அதில் சேராது. கேட்டாவது போடுகிறீர்களே, சந்தோஷம்.

பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டால் என் ஜாதக சாஃப்ட்வேர் ஓடுமா? (சங்கரன்கோவில்)

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, அதனால் யோசிப்பது சரிதான். விண்டோஸுக்காக எழுதிய ஜாதக சாஃப்ட்வேர் மின்ட்டில் நேராக ஓடாது. விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டப் பார்க்கும் வைன் வழியாக ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். பிரவுசர், விஎல்சி, லிப்ரே ஆஃபீஸ் போதும் என்றால் தாராளமாக மாறலாம். இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்க முடியும். 8 ஜிபி பென் டிரைவும், அதில் மின்ட்டை எழுதித் தரும் ரூஃபஸும் போதும். ரூஃபஸ் அந்தப் பென் டிரைவில் இருப்பதை முழுக்க அழித்துவிட்டுத்தான் எழுதும், முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்யும். அதைப் படிக்காமல் ஓகே கொடுத்துவிட்டு வள்ளியூர்த் தம்பி மாதிரி எனக்கு எழுதாதீர்கள்.