ஃப்ரீ லிஸ்டில், அதாவது உடனே எடுத்துக்கொள்ள நிரல் தன்னிடமே வைத்திருக்கும் காலி நினைவகத் துண்டுகளின் பட்டியலில், எத்தனை வைத்திருப்பது என்பதை அண்மைப் பயன்பாட்டின் சராசரியைப் பார்த்து முடிவு செய்யலாமா?

வேண்டாம். இந்நேரம் நீங்கள் நொடிக்கொரு முறை கூட்டி வகுத்து, அழகாக ஒரு வரைபடமும் போட்டிருப்பீர்கள். நானும் போட்டேன்.

எங்கள் சர்வரில் பஃபர்களுக்கென்று (செய்திகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத் துண்டுகள்) தனி அலோகேட்டர், அதாவது நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் நிரல், எழுதியிருந்தேன். ஒரு பஃபர் 4 கேபி, அதாவது ஒரு நினைவகப் பக்கம். 4 நொடிக்கு ஒரு முறை செய்திகள் மொத்தமாக வந்து கொட்டும். அந்த அரை நொடிக்கு 12,000 பஃபர் வேண்டும். மற்ற நேரத்தில் 300 போதும். சராசரி 1,760 சொச்சம். அதற்கு மேல் இருந்ததையெல்லாம் என் நிரல் கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த கொட்டலுக்கு மறுபடியும் போய்க் கையேந்தியது. கர்னல் ஒவ்வொரு பக்கத்தையும் பூஜ்யத்தால் துடைத்துத்தான் தரும். 4 நொடிக்கு ஒரு முறை 10,000-க்கு மேல் பேஜ் ஃபால்ட், அதாவது பக்கம் கையில் இல்லாமல் நிரல் நின்று கர்னலைக் கூப்பிடுவது! தாமதம் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு வாரம் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எத்தனை பயன்பட்டது என்று பார்த்தது தவறு. எத்தனை கைபடாமல் கிடந்தது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பட்டியலின் நீளம் இதுவரை கண்டதைவிடக் குறைந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 15 நொடி முடிந்ததும் அந்தக் குறைந்தபட்ச எண்ணில் பாதியை மட்டும் கர்னலிடம் திருப்பிக் கொடுங்கள். கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் பட்டியல் என்றால், அடியில் கிடப்பவை உண்மையிலேயே யாரும் தொடாதவை. ஒரு நாள் ஏதோ கோளாறில் எங்கள் பட்டியல் 20,000 வரை வீங்கியது. கொட்டலின் உச்சத்திலும் 8,000 மிச்சம். முதலில் 4,000 போனது, அடுத்த சுற்றில் 2,000. கொட்டலுக்கு வேண்டியதில் ஒன்றுகூடக் குறையவில்லை.

மணிக்கொரு முறை வரும் நெரிசலுக்கு 15 நொடி உதவாது என்று கிளம்பிவிடாதீர்கள். உங்கள் அலையின் இடைவெளியைவிடக் கணக்கிடும் காலம் நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இது என் கண்டுபிடிப்பு என்றும் நான் சொல்லவில்லை. சோலாரிஸ் இயங்குதளத்தின் அலோகேட்டர் பற்றி போன்விக்கும் ஆடம்ஸும் 2001-இல் எழுதிய கட்டுரையிலேயே இந்த யோசனை இருக்கிறது. கூகுளின் டிசிமாலாக் அலோகேட்டரில் ஒவ்வொரு திரெட்டும் (நிரலின் தனி இயக்க இழை) தனக்கென வைத்திருக்கும் திரெட் கேஷும் இப்படித்தான் பாதியைத் திருப்பித் தந்தது. 'ஜெமாலாக் என்ற ஆயத்த அலோகேட்டரைப் போட்டால் தீர்ந்தது' என்பவர்களுக்கு: ஜெமாலாக் மாற்றிப் போடுவது நிரல்கள் வழக்கமாக நினைவகம் கேட்கும் மாலாக்கை; எங்கள் பஃபர்கள் மாலாக் வழியாக வந்தவையே அல்ல.

இந்தத் திருத்தம் மொத்தம் 11 வரி. அந்த ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் மேலாளர் எழுதியது: 'பங்களிப்பு குறைவு'. சராசரி கணக்குக்காக 400 வரி எழுதிய முந்தைய ஆண்டில் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அது இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.